41 கல்லறைகள், ஒரு சர்வே டேப்

முதல் சனிக்கிழமை நாங்கள் எடுத்த புள்ளிகள் அத்தனையும் தப்பு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதே வேலையை மாணவர்களோடு செய்யப் போகிறவர்களுக்கு அந்த ஒரு நாளாவது மிச்சமாகட்டும்.

வேலை இதுதான். பள்ளிக்குப் பக்கத்தில் பழைய பொதுக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அதில் படையில் இருந்தவர்களின் கல்லறைகள் எவை, எங்கே என்று கண்டுபிடித்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், கல்லில் எழுதியிருப்பதைப் படித்துப் பதிய வேண்டும், சுத்தம் செய்யத் தகுந்ததை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம் ஒரு நாள் குடும்பத்தாரை அழைத்து ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டு வாசித்து மரியாதை செய்ய வேண்டும். பதினான்கு மாணவர்கள், நான், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். ஆறு சனிக்கிழமைகளில் முடியும் என்று நினைத்தோம், பதினொன்று ஆகியும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இதை ஏன் செய்ய வேண்டும் என்று முதல் நாளே ஒரு மாணவி கேட்டாள். போரில் இறந்தவர்களுக்குத்தான் ஏற்கெனவே நினைவுக் கல் இருக்கிறதே, யாரோ பராமரிக்கிறார்களே, அப்புறம் நமக்கு என்ன வேலை என்றாள். நல்ல கேள்வி. அவள் சுட்டிக்காட்டிய மூன்று வெள்ளைக் கற்களும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் கற்கள். உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும், 1917-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. தரைக்கு மேல் சுமார் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம், மேல்விளிம்பில் லேசான வளைவு, படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த நாள் என்று எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிகிற கல். ஆனால் அந்த ஆணையத்தின் பொறுப்புக்குத் தேதி வரம்பு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதே போரில் அதே பிரிவில் பக்கத்தில் நின்றவர் உயிரோடு திரும்பி வந்து, இன்னொரு வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, முப்பது வருடம் கழித்துப் படுக்கையில் இறந்திருந்தால் அந்தக் கணக்கில் வர மாட்டார். அவருடைய கல்லைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் இடம் மாறிவிட்டால் யாரும் இல்லை. எங்கள் தோட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் 38 பேர். ஆணையத்தின் மூன்றையும் சேர்த்து 41. அந்த மூன்றையும் நாங்கள் தொடவே இல்லை, இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டோம். அவற்றுக்குப் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள், சேதம் தெரிந்தால் அவர்களிடம் சொல்வதுதான் முறை.

இப்போது அந்த முதல் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆளுக்கொரு கைபேசி, ஒவ்வொரு கல் முன்னாலும் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுப்பது என்று திட்டம். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். மாலையில் புள்ளிகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏழாவது வரிசையில் இருக்க வேண்டிய ஒரு சிப்பாயின் புள்ளி ஒன்பதாவது வரிசையில், ஒரு குழந்தையின் கல்லறை மேல் உட்கார்ந்திருந்தது. மரத்தடியில் இருந்த நான்கு பேர் நடைபாதையில் கிடந்தார்கள். கைபேசியின் மேல் குற்றம் இல்லை. திறந்த வானத்தின் கீழேயே சாதாரணக் கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் இடம் சொல்லும், மரமோ சுவரோ பக்கத்தில் இருந்தால் சமிக்ஞை அதில் பட்டுத் தெறித்து வந்து இன்னும் விலகும். கல்லறைகளோ ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஐந்து மீட்டர் தவறு என்றால் அடுத்தவர் வீட்டுக் கதவு கூட இல்லை, அடுத்த தெரு.

ஒரு மாணவன் "கிட்டத்தட்ட சரிதானே சார், அங்கே போய்த் தேடினால் கிடைத்துவிடுமே" என்றான். பெயர் தெளிவாக இருக்கும் கல் என்றால் கிடைத்துவிடும். பெயர் தேய்ந்து, கல் சாய்ந்து, புல் மூடிக் கிடக்கிற கல்லுக்குத்தான் வரைபடமே தேவைப்படுகிறது. எங்கோ இருந்து ஒரு பேரன் வந்து, எங்கள் வரைபடத்தை நம்பி, வேறு ஒருவருடைய கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை 30 மீட்டர் சர்வே டேப்போடு போனோம்.

முறை ரொம்பப் பழையது, மாணவர்கள் கணக்கு வகுப்பில் ஏற்கெனவே செய்ததுதான். மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்தால் கவராயத்தை வைத்து முக்கோணம் வரைந்துவிடலாம், அவ்வளவுதான். இடம் மாறாத இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் எடுத்தது வாசல் தூணின் உள்மூலை ஒன்று (அ), பிரார்த்தனை மண்டபத்தின் கிழக்கு மூலை ஒன்று (ஆ). இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மூன்று தடவை அளந்தோம், இடையில் முளை அடித்து, நூல் பிடித்து, டேப் விலகாமல். 44.62, 44.60, 44.63 மீட்டர். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் அ-விலிருந்து ஒரு தூரம், ஆ-விலிருந்து ஒரு தூரம். இரண்டு வில்லும் வெட்டும் இடத்தில் கல். 30 மீட்டருக்கு மேல் போன இடங்களில் நடுவில் ஒரு முளை அடித்து இரண்டு தவணையாக அளந்தோம்.

இதில் நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை சில. இரண்டு வில்கள் இரண்டு இடத்தில் வெட்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, அதனால் கல் எந்தப் பக்கம் என்று எழுதியே ஆக வேண்டும். நாங்கள் முதலில் எழுதவில்லை. அப்புறம், அ-ஆ கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் கல்லுக்கு இந்த முறை சரிப்படாது. வில்கள் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும், அளவில் இரண்டு செ.மீ. தவறினால் புள்ளி அரை மீட்டர் நகர்ந்துவிடும். அந்தக் கற்களுக்காக மூன்றாவதாக ஒரு இடம் வேண்டும், நாங்கள் பின்சுவர் ஓரமாக ஓர் இரும்பு முளை அடித்து அதை இ என்று வைத்துக்கொண்டோம். டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும், தொய்ந்தால் தூரம் கூடிக் காட்டும், புல்லில் படுத்தாலும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேல், கல்லில் எந்த இடத்துக்கு அளக்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். எழுத்து இருக்கும் முகத்தின் அடிப்பகுதி, நடுமையம், வேறு எங்கும் இல்லை. ஒரு குழு மையத்துக்கும் இன்னொரு குழு இடது மூலைக்கும் அளந்து ஒரு காலை நேரம் வீணானது.

எண்ணைச் சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், எழுதியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பதினேழு நாற்பத்திரண்டு." "பதினேழு நாற்பத்திரண்டு, வலப்பக்கம்." இந்தச் சத்தம்தான் நான்கு சனிக்கிழமைகள் அந்தத் தோட்டம் முழுக்க.

அ, ஆ இரண்டும் கட்டட மூலைகள் என்பதால் வான்வழிப் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தன, அவற்றின் இடத்தைக் கைபேசியிலிருந்து எடுக்காமல் அந்தப் படத்திலிருந்து எடுத்தோம். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் மற்றதெல்லாம் ஏறியது. சரிபார்ப்பதற்காகப் பக்கத்துப் பக்கத்துக் கற்களுக்கு நடுவே நேரில் அளந்து, வரைபடத்தில் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டோம். பெரும்பாலானவை 10 செ.மீ.க்குள் நின்றன. மூன்று மட்டும் நிற்கவில்லை, மூன்றுமே இடம் வலம் எழுதாமல் விட்டவை.

தரவு அட்டவணையிலும் ஒரு பெரிய பாடம் இருந்தது. ஆயத்தொலைவுகளை (ஒவ்வொரு கல்லின் அட்சரேகை, தீர்க்கரேகை, டிகிரியில்) எக்செலில் வைத்திருந்த மாணவி, நெடுவரிசை அழகாக இருக்கட்டும் என்று நான்கு தசம இடங்களோடு காட்டும்படி அமைத்து, சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துவிட்டாள். சிஎஸ்வி-யில் திரையில் தெரிவதுதான் சேமிக்கப்படும். நான்காவது தசம இடம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 11 மீட்டர், ஐந்தாவது 1.1 மீட்டர், ஆறாவது 11 செ.மீ. அத்தனை பாடுபட்டு அளந்த கற்கள் பத்துப் பன்னிரண்டு என்று ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்து அந்தப் பெண் அழுதேவிட்டாள். மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம். அன்றைக்கே ஒரு விதி வைத்தோம்: மூலக் கோப்பை யாரும் திருத்தக் கூடாது, பிரதியில்தான் வேலை.

எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. 1892-ல் பிறந்தவரின் நாள் வெறும் எழுத்தாக நிற்கும், 1921-ல் பிறந்தவரின் நாள் தேதியாக மாறும், வரிசைப்படுத்தினால் இரண்டும் ஒரே கால வரிசையில் வராது. அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்துவிட்டோம். கல்லில் ஆண்டு மட்டும் இருந்தால் மற்ற இரண்டும் காலியாக இருக்கட்டும், யூகித்து நிரப்ப வேண்டாம். படை எண்ணையும் எழுத்தாகவே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும். ஒரு வீரரின் ஆவணங்களைத் தேடுவதற்கு அந்த எண்தான் பிடிமானம், அதில் ஒரு இலக்கம் போனால் வேறு ஆளிடம் போய் நிற்போம்.

இனி எழுத்து படிப்பது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது.

தேய்ந்த கல்லில் எழுத்தை எடுக்க மாவு தடவுகிறார்கள், சுண்ணக்கட்டி தேய்க்கிறார்கள், ஷேவிங் கிரீம் கூடப் பூசுகிறார்கள். எதுவும் வேண்டாம். தடவிய பொருள் கல்லின் நுண்துளைகளில் தங்கிப் போய்க் கறையும் சேதமும் தரும். வெளிச்சம் போதும். நேராக அடிக்கும் வெளிச்சம் இல்லை, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் வெளிச்சம். ஐந்தாவது வரிசையில் ஒரு சலவைக்கல், பகலில் பார்த்தால் மொட்டையாக இருக்கும். அந்தி சாய்ந்ததும் இரண்டு மாணவர்கள் டார்ச்சைக் கல்லின் இடது விளிம்பில் வைத்து மெல்லச் சாய்த்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் விளிம்போடு ஒட்டி. திடீரென்று ஒரு நேர்கோட்டின் வலப்பக்கம் மட்டும் நிழல் விழுந்தது, அதன் பக்கத்தில் ஒரு வளைவு, அப்புறம் மேலிருந்து கீழாக நான்கு வரிகளும் எழுந்து வந்தன. யாரும் பேசவில்லை. ஒரு மாணவன் மட்டும் விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பகலில் இதையே கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் செய்யலாம், ஒருவர் அட்டையைப் பிடித்துக் கல்லுக்கு நிழல் தர வேண்டும், இன்னொருவர் கண்ணாடியோடு தள்ளி நிற்க வேண்டும்.

படித்ததைப் புரிந்துகொள்வது தனி வேலை. ஒரு கல்லில் பெயருக்கு முன்னால் இருந்த எஸ், பி, ஆர் என்ற மூன்று எழுத்துகளைத் தலைப்பெழுத்து என்று நினைத்து, பதிவேட்டில் அந்தத் தலைப்பெழுத்தோடு இரண்டு வாரம் தேடினோம். அது சேப்பர் என்பதன் சுருக்கம், பாலம் கட்டுகிற, கண்ணிவெடி அகற்றுகிற பொறியாளர் பிரிவின் சிப்பாய். அதே மாதிரி ஜி, என், ஆர் என்றால் கன்னர், பீரங்கிப் படை. பி, டி, இ என்றால் பிரைவேட், சாதாரணச் சிப்பாய். தலைப்பெழுத்தை எடுத்துவிட்டுத் தேடியதும் அடுத்த நாளே பதிவேட்டில் ஆள் கிடைத்தார். கல்லில் இருப்பதை இருக்கிறபடியே ஒரு நெடுவரிசையிலும் நாம் புரிந்துகொண்டதை இன்னொன்றிலும் எழுதுங்கள். நாம் தப்பாகப் புரிந்திருந்தாலும் கல் சொன்னது அப்படியே இருக்கும்.

சுத்தம் செய்வதில் எங்கள் கையாலேயே ஒரு சேதம் ஆனது, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மணற்கல்லின் மேல் கற்பாசி வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. ஒரு மாணவன் ஆர்வத்தில் மரக்குச்சியால் காய்ந்த கல்லிலேயே சுரண்டினான், பாசி வந்தது, கூடவே மணல் மணலாகக் கல்லும் வந்தது. ஓர் எழுத்தின் வால் போய்விட்டது. கற்பாசி கல்லுக்குள் நுண்ணிய வேர் போன்ற இழைகளை இறக்கியிருக்கும், காய்ந்த நிலையில் பிடுங்கினால் பிடித்திருக்கும் கல்லோடுதான் வரும். அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை, முன்கூட்டியே சொல்லித் தராதது நான்தான். அந்தக் கல்லுக்கு எதிரே அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம், அதன் பிறகுதான் சுத்தம் செய்வதற்கென்று சரியான ஒழுங்கு வந்தது.

கையால் தொட்டால் சர்க்கரை மாதிரி உதிரும் கல்லையும், விரல் மடக்கித் தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கும் கல்லையும் விட்டுவிட வேண்டும், புகைப்படம் மட்டும். உறுதியான கல் என்றால் முதலில் நிறையத் தண்ணீர், கல் நன்றாகக் குடித்து முடிக்கும் வரைக்கும். பிறகு மென்மையான நார் பிரஷ், கீழிருந்து மேலாக, ஏனென்றால் மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வடிந்து கோடு போட்டுவிடும். பாதிக் கற்களுக்குத் தண்ணீரே போதுமாக இருந்தது. இரும்பு பிரஷ் கூடாது, அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரம் கூடாது, வினிகர் மாதிரி அமிலம் எதுவும் சலவைக்கல்லிலோ சுண்ணாம்புக்கல்லிலோ படவே கூடாது, கல்லே கரையும். பிளீச்சிங்கும் கூடாது. அன்றைக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் அதன் உப்பு உள்ளே தங்கிப் படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே உடைக்கும். எங்களுக்கு முன்னால் யாரோ நல்ல மனதோடு அப்படிக் கழுவிய கல் ஒன்று அங்கே இருக்கிறது, முகம் முழுக்கப் பொருக்குப் பொருக்காக. பழைய கல் புதுசு மாதிரி தெரிய வேண்டியதில்லை, பெயர் தெரிந்தால் போதும்.

சாய்ந்த கற்களை மாணவர்களை வைத்து நிமிர்த்த வேண்டாம். ஒரு சின்னக் கல்லே நூறு கிலோவைத் தாண்டும், பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும், கை வைத்தால் கவிழும். எங்கள் தோட்டத்தில் ஏழு கற்களைச் சுற்றிக் கயிறு கட்டி ஒதுக்கி வைத்தோம், அவற்றை நிர்வாகம் ஆள் வைத்துப் பார்க்கும்.

கல்லில் படை பற்றி ஒரு சொல் கூட இல்லாதவர்களைக் கண்டுபிடித்ததுதான் இதில் கடினமான பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். 38 பேரில் பதினாறு பேர் அப்படி. அடக்கப் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் ஓய்வூதியர் என்று மட்டும் இருக்கும். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் பணிவிடுப்புச் சான்று இருக்கும், ஒரு பதக்கம் இருக்கும், பதக்கத்தின் விளிம்பில் பொடி எழுத்தில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பதக்கம் கிடைத்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். தோட்டத்துப் பெரியவர் வாய்மொழியாகச் சொன்னது இன்னும் நிறைய. "இவர் சாயங்காலம் நடந்து போகும்போது காலை எண்ணி வைக்கிற மாதிரி நடப்பார் தம்பி" என்று ஒரு கல்லைக் காட்டினார். அது சான்று ஆகாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டு வெவ்வேறு ஆதாரம் இருந்தால்தான் வரைபடத்தில் ஏற்றினோம், ஒன்று மட்டும் இருந்தால் காத்திருப்போர் பட்டியல். அதில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

ஒரு குடும்பம் வேண்டாம் என்று சொன்னது. அப்பா அந்த வருடங்களைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை, அவர் மறக்க நினைத்ததை நாம் ஏன் எழுதி வைக்க வேண்டும் என்றார் மகன். அவர் சொன்னபடியே அந்தப் புள்ளி பொது வரைபடத்தில் இல்லை. கல்லை மட்டும் அவர் சம்மதத்தோடு தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். உயிரோடு இருக்கும் உறவினர்களின் பெயரோ முகவரியோ எந்தக் கோப்பிலும் வைக்கவில்லை.

மரியாதை செய்யும் நாளை எளிமையாகவே வைத்துக்கொண்டோம். பேச்சாளர் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் அதை அளந்த மாணவரே நின்று பெயர், பதவி, பிரிவு, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு வாசித்தார், தெரியாததை வாசிக்கவில்லை. பெயரின் உச்சரிப்பை வீட்டாரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தோம், இதைத் தயவுசெய்து செய்யுங்கள்.

அன்று ஒரு வயதான அம்மா தனியாக வந்திருந்தார். அப்பாவை அடக்கம் செய்தபோது அவருக்கு ஆறு வயதாம், அப்புறம் குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது, திரும்பி வந்து இரண்டு தடவை தேடியும் கல் கிடைக்கவில்லை என்றார். அவருடைய அப்பாவின் கல்லில் பெயரே இல்லை, பதிவேட்டில் இருந்த எண்ணை வைத்துத்தான் நாங்கள் இடத்தை உறுதி செய்திருந்தோம். ஒரு மாணவி துணைக்கு எழுந்தாள், அவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தார். வரிசை 7, இடமிருந்து 4. வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். நின்ற இடம் சரியான இடம். முதல் சனிக்கிழமை எடுத்த புள்ளிப்படி அவர் போயிருந்தால் அந்தக் குழந்தையின் கல் முன்னால் நின்றிருப்பார்.

வரைபடம் இப்போது வாசலில் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது. வடக்கு மூலையில் பதினொரு கற்கள் இன்னும் அளக்காமல் இருக்கின்றன, போன வாரப் பெருமழையில் இ என்ற இரும்பு முளை சாய்ந்துவிட்டது, அதை அ, ஆ-விலிருந்து திரும்ப அளந்த பிறகுதான் அங்கே டேப் பிடிக்க முடியும். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறோம்.